பதினேழும் என்னுதுதாங்க

செவ்வந்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நேராக அடுப்படிக்குத்தான் போவாள். வாசலில் நின்று குரல் கொடுப்பது, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது எல்லாம் மற்ற வசூல்காரர்களின் வழக்கம். அவளுக்கு அதற்கு நேரம் கிடையாது. வீட்டு ஆம்பிளை வயலிலிருந்து திரும்புவதற்குள் நெல் குதிருக்குள் கையை விட்டு, தகர உண்டியலை எடுத்து, திறந்து, எண்ணி, எழுதி, பூட்டி, மறுபடி நெல்லுக்கடியில் புதைத்தாக வேண்டும். பத்து நிமிட வேலை. பதினோராவது நிமிடம் அவள் தெருவில் நின்று முருங்கைக்கீரை விலை விசாரித்துக்கொண்டிருப்பாள்.

தியாகதுருகத்தில் இருந்த ஒரு கூட்டுறவுச் சிக்கன சங்கத்துக்கு அவள் உண்டியல் முகவர். கேட்டவர்களுக்கெல்லாம் சங்கம் இலவசமாக ஒரு தகர உண்டியல் கொடுக்கும். செங்கல் அளவு இருக்கும். மேலே காசு போட ஒரு வாய். போட்ட காசு திரும்பி வராதபடி வாய்க்குள் தகரப் பல். சாவி முகவரிடம். மாதம் ஒருமுறை அவள் போய்த் திறந்து, இருந்ததை எண்ணி, பாஸ்புக்கில் குறித்து, காசைச் சங்கத்தில் கட்டுவாள். வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி.

சங்கத்துச் சுவரில் இதற்கென்று ஒரு படம் மாட்டியிருந்தார்கள். அப்பா, அம்மா, பையன், பெண் நாலு பேரும் உண்டியலைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். அதை வரைந்த மனிதர் செவ்வந்தியின் ஊரான வேலங்குட்டைப் பக்கம் வந்ததே இல்லை. வேலங்குட்டையில் ஒரு வீட்டில் உண்டியல் இருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல்தான் இருக்கிறது என்று அர்த்தம். புருஷன்மார்கள் ராட்சசர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிப் பேர் பரம சாது. ஆனால் வீட்டில் பணம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பணத்துக்குக் கால் முளைத்துவிடும். யூரியா வாங்கப் போகும், நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்தப் போகும், எருமைக்கு வைத்தியம் பார்க்கப் போகும். போனது ஒருநாளும் திரும்பி வராது.

அதனால் பெண்கள் உண்டியலை வாங்கியவுடன் முதல் வேலையாக அதன் மேல் எழுதியிருந்த சங்கத்தின் பெயரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அழித்தார்கள். யார் கையிலாவது அகப்பட்டாலும் ஏதோ பழைய தகர டப்பா என்று நினைத்துக்கொள்ளட்டும். அடியில் வெட்டியிருந்த நம்பர் மட்டும் மிஞ்சியது. பிறகு அதைக் குதிருக்குள்ளும், புளிப் பானைக்குள்ளும், கிழிந்த தலையணைக்குள்ளும் வைத்தார்கள். ஊரில் மூன்று ஆம்பிளைகளும் இதே காரியத்தைச் செய்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மாட்டுக்கொட்டகை.

சங்கப் பேரேட்டில் உண்டியல் நம்பர் மட்டும் ஏறும், ஆள் பெயர் பாஸ்புக்கில்தான். அந்தப் பாஸ்புக்கைப் பணம் போடுகிறவர்தான் வைத்திருக்க வேண்டும் என்று சங்கத்தில் விதி உண்டு. உண்டியல் வாங்கியிருந்த காசியம்மாள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “டப்பாவ ஒளிக்கவே எடம் இல்ல செவ்வந்திக்கா, இதுல புக்கு வேறயா? நீயே வச்சிக்கோ.” அப்படியே ஒவ்வொருத்தரும் சொல்ல, வேலங்குட்டையின் பதினேழு பாஸ்புக்குகளும் செவ்வந்தியின் ஒயர் கூடையில், கீரைக்கு அடியில், குடித்தனம் நடத்தின.

இப்படி எட்டு வருஷம். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து அவளிடம் நூற்று நாற்பது உண்டியல்கள். நூற்றுக்கு மூன்று ரூபாய் கமிஷன். மாதம் எண்பதோ தொண்ணூறோ கைக்கு வரும். அவள் புருஷன் வெற்றிவேல் சைக்கிள் கடை வைத்திருந்தான். மனிதனுக்குப் பெயரில்தான் வெற்றி. கடைக்கு வருகிறவர்கள் காற்றடித்துக்கொண்டு கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண்கள் இரண்டு பேர். வருகிற அக்டோபர் கூட்டத்தில் செவ்வந்தியை நிரந்தரம் செய்து, மாதம் நானூற்று ஐம்பது ரூபாய் சம்பளம் போடுவதாகச் சங்கத்தின் செயலாளர் அரங்கநாதன் சொல்லியிருந்தார். அந்த நானூற்று ஐம்பதை அவள் மனசுக்குள் எத்தனையோ முறை செலவு செய்து பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் மிஞ்சியது.

அக்டோபருக்கு முன்னால் செப்டம்பர் வந்தது. எண்பத்தேழாம் வருஷத்துச் செப்டம்பர்.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். சேலம் ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் ராவோடு ராவாக ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டியவர்கள் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் போனார்கள். வடக்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஆள் செத்த செய்தியும் அப்படித்தான் நடந்து வந்து சேர்ந்தது. அன்றைக்கு வேலங்குட்டையில் யாரும் உரக்கப் பேசவில்லை.

மற்ற நாட்களில் செவ்வந்திக்கு வந்த கஷ்டம் வேறு. ஊர் ஆம்பிளைகள் மொத்தப் பேரும் வீட்டில் இருந்தார்கள். வேலை இல்லாத ஆம்பிளை அடுப்படிக்குள் வந்தால் என்ன ஆகும்? மூடியிருக்கிற பானையை எல்லாம் திறந்து பார்ப்பான். “புளி ஏன் இவ்ளோ கம்மியா கீது?” என்று கேட்பான். பதினான்கு பெண்கள் அந்த வாரம் முழுக்க உண்டியலை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி மூன்று நாள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தாள். புருஷன் சந்தோஷப்பட்டு, எத்தனையாவது மாசம் என்று கேட்டுவிட்டான்.

பிறகு போலீஸ் வந்தது. மரம் வெட்டிய கோடாலிகளைத் தேடி வந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டதுமே ஆம்பிளைகள் கரும்புக் கொல்லைக்குள் புகுந்துவிட்டார்கள். சிலர் கல்வராயன் மலையடிவாரத்து உறவுக்காரர்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். கோடாலிகள் ஏரித் தண்ணீருக்குள் இருந்தன. அது தெரியாமல் போலீஸ்காரர்கள் குதிர் குதிராகக் கம்பியை விட்டுக் குத்தினார்கள். குத்திய இடமெல்லாம் டங்கென்று தகரச் சத்தம். வெளியே எடுத்தால் பூட்டிய உண்டியல். பெயர் இல்லை, ஊர் இல்லை, அடியில் ஒரு நம்பர்.

“நம்பர் போட்டு வசூல் பண்ணியிருக்கானுங்க சார்” என்றார் ஒரு ஏட்டு.

போராட்ட நிதி என்று முடிவாகிவிட்டது. எந்த உண்டியல் எந்த வீட்டில் கிடைத்தது என்றுகூடக் குறித்துக்கொள்ளாமல் பதினேழையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். மறியல் முடிந்த மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. உண்டியலுக்குச் சொந்தக்காரர்கள் நாளைக் காலை வந்து எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் நிதி திரட்டியதாக ஊர் ஆம்பிளைகள் மேல் வழக்கு.

ஊரே திரண்டு போயிற்று. திரும்பி வந்திருந்த ஆம்பிளைகள் முன்னால், பெண்கள் பின்னால். செவ்வந்தியும் சாவிக் கொத்தோடும் ஒயர் கூடையோடும் போனாள். துணைக்கு வெற்றிவேல் போனான். கடையில் அவனுக்கும் வேலை இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வாரமாகத் தூங்காத மனிதர். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. மேஜை மேல் உண்டியல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

“யாருதுய்யா இதெல்லாம்?”

எல்லாப் பெண்களும் தங்கள் வீட்டில் போலீஸ் ஒன்றும் எடுக்கவில்லை என்று புருஷனிடம் சத்தியம் செய்திருந்தார்கள். மூன்று ஆம்பிளைகள் ஸ்டேஷன் கூரையில் என்ன விசேஷம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி முன்னால் போய் நின்றாள்.

“சங்கத்து உண்டியலுங்க. நான் அதுல ஏஜெண்டுங்க.”

“சங்கத்தோட பேரு எங்க?”

“அழிஞ்சிபோச்சிங்க.”

“பதினேழுலயும் ஒண்ணா அழிஞ்சிதா?”

“சாம்பல் போட்டு வெளக்கனா அழிஞ்சிடுங்க.”

“உண்டியல யாராச்சும் வெளக்குவாங்களா?”

“எங்க ஊர்ல எல்லாத்தயும் வெளக்குவாங்க சார்.”

சப்-இன்ஸ்பெக்டர் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். “சரி. யார் யாருதுன்னு பேரச் சொல்லு. சத்தமா படிக்கச் சொல்றேன், வந்து கையெழுத்து போட்டு எடுத்துக்கினு போவட்டும்.”

அவர் கேட்டதில் தவறே இல்லை. பதினேழு பாஸ்புக்கும் அவள் கையில்தான் இருந்தன. கீரையை விலக்கினால் போதும், விஷயம் முடிந்தது. செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவளுக்கு முன்னால் அவள் புருஷன் பச்சமுத்து நின்றான். எட்டு வருஷமாக அந்தப் பெண்கள் அவளை அடுப்படிக்குள் விட்டிருக்கிறார்கள். சொந்த அம்மாவிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“எல்லாம் என்னுதுங்க” என்றாள்.

“பதினேழுமா?”

“பதினேழும் என்னுதுதாங்க.”

“ஒருத்திக்கு எதுக்கும்மா பதினேழு?”

“ஒண்ணுல போட்டா சட்டுனு செலவாயிடுதுங்க.”

“அத ஏன் ஊரெல்லாம் வச்ச?”

“ஒரே வூட்ல வச்சா கள்ளன் வருவான் சார்.”

கூட்டத்துக்குள்ளிருந்து “அடிப்பாவி!” என்று ஒரு குரல் வந்தது. வெற்றிவேலுடையது.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சாவி இருக்கிறதா என்றார். இருந்தது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது, திறக்காமல் சொல் என்றார். செவ்வந்தி முதல் உண்டியலைத் தூக்கினாள். லேசாக ஒரு குலுக்கு. “பதினெட்டு ரூபா. எல்லாம் நாலணாங்க.” திறந்து எண்ணினார்கள். பதினெட்டு. அடுத்தது: “இருபத்தாறு. அதுல ஒத்த அஞ்சு ரூபா நோட்டு இருக்கும்.” இருந்தது. பால் ஊற்றுகிறவள் எந்தக் காசு போடுவாள், களை எடுக்கப் போகிறவள் எந்தக் கிழமை போடுவாள் என்று கைக்கே தெரிந்துபோயிருந்தது. பத்தாவது உண்டியலில் மட்டும் எட்டணா குறைந்தது. செவ்வந்திக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கவுத்துத் தட்டுங்க சார். பல்லுல மாட்டிக்கினு இருக்கும்.”

ஏட்டு கவிழ்த்துத் தட்டினார். எட்டணா விழுந்தது.

மொத்தம் முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இத வச்சி ஒரு மரத்தக்கூட வெட்ட முடியாதேய்யா” என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். பதினேழு உண்டியலும் தன்னுடைய சொந்தம் என்று செவ்வந்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகல் சங்கத்துக்குப் போயிற்று.

சாக்கை வெற்றிவேல் தன் சைக்கிளில் ஏற்றி, பிள்ளைத்தாச்சியை அழைத்துப் போவது மாதிரி தள்ளிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை செவ்வந்தி கண் விழிக்கும்போது பக்கத்தில் காப்பி இருந்தது. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. குளிக்க வெந்நீர் இருந்தது. “நீ ஒக்காரு, நான் பெருக்கறேன்” என்றான். மூன்றாம் நாள் மெதுவாக ஆரம்பித்தான்.

“கடைக்கி ஒரு காத்தடிக்கற மோட்டாரு போட்டா நல்லா இருக்கும், இல்ல?”

“என்னாண்ட எங்க பணம்?”

“சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல” என்று கண்ணைச் சிமிட்டினான். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவன் கடையில் பஞ்சர் ஒட்டுகிற நேரத்துக்குள் அது கள்ளக்குறிச்சி வரைக்கும் போய்விடும். அவள் காப்பியைக் குடித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாலாம் நாள் செயலாளர் அரங்கநாதன் உண்டியல்களோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஸ்டேஷன் நகல் அவர் மேஜை மேல் இருந்தது. பதினேழு உண்டியலையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நல்ல மனிதர், விதி என்றால் வியர்த்துவிடும்.

“முகவரோ முகவர் குடும்பமோ சொந்தமா உண்டியல் வச்சிக்கக் கூடாது. பதினாலாம் விதி. நீ பதினேழு வச்சிருக்கறதா போலீஸ்ல எழுதிக் குடுத்துருக்கற. நிரந்தரம் எப்படிம்மா பண்ணுவாங்க? இருக்கற வேலையே போயிடும். வியாழக்கெழம கூட்டம். யாருதுன்னு சொல்லிடு.”

“கூட்டத்துல தலைவரு இருப்பாரு இல்லீங்களா?”

“அவரு இல்லாம எப்படி?”

“அப்ப சொல்ல முடியாதுங்க” என்று எழுந்து வந்துவிட்டாள். வருகிற வழியில் வெட்டிய புளியமரத்து அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து அழுதாள். நானூற்று ஐம்பது ரூபாய் என்பது அவளுக்கு விளையாட்டு இல்லை.

தன் உண்டியலைத் தேடிக் காசியம்மாள் சைக்கிள் கடைக்கு வந்தபோது செவ்வந்தி இல்லை. வெற்றிவேல்தான் இருந்தான். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்பதால், காற்றடிக்க வந்த ஆம்பிளைகளிடம் சொன்ன எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னான். “பணத்த சேத்துட்டு வேலய கோட்ட உட்டுட்டா பாரு. வியாழக்கெழம பதினோரு மணிக்கி சீட்டு கிழிக்கறாங்க.” காசியம்மாள் திரும்பி வேகமாக நடந்தாள்.

வியாழக்கிழமை. சங்கத்தில் ஐந்து இயக்குநர்கள், ஐந்து டீ, ஒரு தட்டில் பிஸ்கட். தலைவர் கந்தசாமி வேலங்குட்டைக்காரர். பதினெட்டு ஏக்கர் கரும்பு, வெள்ளை மீசை. செவ்வந்தி ஒரு மூலையில் கூடையோடு நின்றாள்.

“ஒரு பொம்பள பதினேழு உண்டியல் வச்சிக்கினா மத்த பொம்பளைங்களும் கெட்டுப்போவாங்க” என்றார் தலைவர். “நம்ம ஊர்ல இந்தப் பழக்கமே கெடயாது.”

வெளியே சலசலப்புக் கேட்டது. காசியம்மாள் உள்ளே வந்தாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. “பதினோராம் நம்பரு என்னுதுங்க” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, “பதினாலு.” அதற்குப் பின்னால் வாசல் வரைக்கும் வரிசை. செவ்வந்திக்குக் கண் மறைத்தது. கூடையிலிருந்து கீரையைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொரு பாஸ்புக்காக எடுத்துக் கொடுத்தாள். அரங்கநாதன் பெயரையும் ஆளையும் ஒத்துப் பார்த்து, தலைவரின் கையெழுத்துக்கு நகர்த்தினார்.

பெண்கள் முடிந்ததும் ஆம்பிளைகள் வந்தார்கள். முதல் ஆள், தோளில் துண்டோடு பச்சமுத்து. காசியம்மாள் நின்ற இடத்திலேயே திரும்பினாள்.

“நீ எங்க இங்க?”

“நீ எங்கடி இங்க?”

“நான் கேட்டதுக்குப் பதிலு சொல்லு.”

“முப்பத்தொண்ணு” என்றான் பச்சமுத்து, அரங்கநாதனைப் பார்த்து. பெண்டாட்டியைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. இரண்டு பேரையும் வெளியே போய்ப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். பேச்சு நன்றாகவே கேட்டது.

பதினாறு முடிந்தது. ஒரு உண்டியல் மேஜை மேல் தனியாக நின்றது. ஏழாம் நம்பர்.

“இது யாருது?” என்றார் தலைவர்.

“அது என்னுதுங்க” என்றாள் செவ்வந்தி.

“கூடையில இன்னொரு புக்கு தெரியுதே, எடு.”

அவள் கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். “இல்லீங்க. இது ஒண்ணு மெய்யாவே என்னுது.”

“அப்ப விதின்னா விதிதான். பதினேழு வச்சா இன்னா, ஒண்ணு வச்சா இன்னா” என்று தலைவர் பேனாவைத் திறந்தார். அரங்கநாதனுக்கு வியர்த்தது. செவ்வந்தி தரையைப் பார்த்தாள். போனது போனதுதான் என்று நினைத்தாள்.

“ஏழு என்னுது.”

வாசலில் செல்லியம்மாள் நின்றாள். தலைவர் சம்சாரம். வேலங்குட்டையிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து நடந்தே வந்திருந்தாள். இவ்வளவு நேரம் தூணுக்குப் பின்னால் நின்று யோசித்திருக்கிறாள். தலைவரின் மீசை ஒரு நிமிடம் எதுவும் செய்யத் தெரியாமல் நின்றது.

“ஒனக்கு எதுக்குடி உண்டியலு? நான் இன்னா கொற வச்சேன்?”

“ஒரு கொறயும் வக்கல. நாள பின்ன ஒங்களுக்கு ஒண்ணுன்னா, காரியச் செலவுக்கு ஒங்க தம்பிங்ககிட்ட நான் கை நீட்டக் கூடாது. அதுக்குத்தான் சேக்கறேன்.”

இயக்குநர்கள் நாலு பேரும் டீத் தம்ளருக்குள் எதையோ தேடினார்கள். தலைவர் பாஸ்புக்கை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அறுநூற்று நாற்பது ரூபாய்.

“அறுநூத்தி நாப்பது ரூபாயில எனக்குக் காரியமா?” அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, மானக்கேடு.

“அதான் இன்னும் சேத்துக்கினு இருக்கேன்.”

வேறு வழி இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்து அரங்கநாதன் நகர்த்திய தாளில், அது என்ன என்றுகூடப் படிக்காமல், அதே வேகத்தில் இன்னொன்றும் போட்டார். செவ்வந்தியை நிரந்தரம் செய்யும் தீர்மானம். மற்ற நாலு பேரும் போட்டார்கள். அரங்கநாதன் இரண்டு முறை மையை ஊதிக் காயவைத்தார்.

செவ்வந்தி வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. படியில் செல்லியம்மாள் காத்திருந்தாள். நன்றி சொல்லக் கையெடுக்கப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

“செவ்வந்தி, புதுசா ஒரு உண்டியலு குடு.”

“இது இருக்குதேக்கா?”

“இது அவருக்குத் தெரிஞ்சிபோச்சே.”

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். வேப்பமரத்தடியில் காசியம்மாளும் மற்ற பெண்களும் அதே கேள்வியோடு நின்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பச்சமுத்து யாருக்கும் தெரியாமல் கை காட்டிக் கூப்பிட்டான்.

“நாளைக்கிப் பதினோரு மணிக்கி வரேங்க்கா” என்றாள். “தலைவரு அந்நேரம் வூட்ல இருக்க மாட்டாரு இல்ல?”